ப்ராப் பிரச்சாரம்: கலிபோர்னியாவில் கம்பெனிகள் வேலை பார்க்கும் விதம்

செவ்வந்தி
கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்பவர்களிடம் கையெழுத்துப் போடுகிறோம். அக்டோபரில் டிவியைப் போட்டால் ஒரு நர்ஸோ தீயணைப்பு வீரரோ வந்து "இந்த ப்ராப்புக்கு நோ சொல்லுங்கள்" என்கிறார். ப்ராப் என்றால் ப்ரொபோசிஷன், தேர்தலில் மக்களே நேரடியாக யெஸ், நோ என்று ஓட்டுப் போடும் சட்ட முன்மொழிவு. நடுவில் பப்ளிக் அஃபேர்ஸ் கம்பெனி என்று ஒன்று இருப்பது மட்டும் தெரிகிறது. அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், பணம் எதற்குப் போகிறது, எங்கே சறுக்கும்? கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்ளலாம், இங்கே பலருக்கு ஓட்டு அங்கேதான். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

ஓலைச்சுவடி
கலிபோர்னியா சரியான இடம், தொழிலே அங்கே பிறந்ததுதான். 1911-ல் ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்தபோது, ரயில்வே கம்பெனியின் பிடியிலிருந்து அரசாங்கத்தை மீட்பதற்காக மக்களே நேரடியாகச் சட்டம் கொண்டுவரும் உரிமையைக் கொடுத்தார்கள். 1933-ல் கிளெம் விட்டேக்கரும் லியோன் பாக்ஸ்டரும் 'கேம்பைன்ஸ் இன்க்' தொடங்கினார்கள். பிரச்சாரத்தை மட்டுமே தொழிலாகச் செய்த முதல் கம்பெனி அது. தொடக்க காலத்துப் பெரிய வேலை சென்ட்ரல் வேலி நீர்த்திட்டத்தைக் காப்பாற்றுவது. எதிரில் நின்றது பிஜி அண்ட் இ மின் கம்பெனி. தோற்ற கம்பெனி அடுத்து என்ன செய்தது தெரியுமா? ஜெயித்தவர்களையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

இப்போதைய நடைமுறைக்கு வருகிறேன். வக்கீல், கருத்துக்கணிப்பாளர், கம்பெனி மூவரும் உட்கார்ந்து சட்ட வரைவை எழுதுவார்கள். 2,000 டாலர் கட்டி, மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலிடம் கொடுக்க வேண்டும். முன்பு 200 டாலர்தான், விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்கள் கூடிப்போனதால் பத்து மடங்காக்கினார்கள். ப்ராப் தகுதி பெற்றுவிட்டால் அந்தப் பணம் திரும்ப வரும். 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு இருக்கும். அரசின் நிதி அலுவலர்கள் வரவு செலவுப் பாதிப்பைக் கணக்கிடுவார்கள். பிறகு அட்டர்னி ஜெனரல் 100 சொல்லுக்குள் தலைப்பும் சுருக்கமும் எழுதிக் கொடுப்பார். இதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். தலைப்பு கைக்கு வந்த நாளிலிருந்து கையெழுத்துக்கு 180 நாள்.

பணமுள்ள தரப்பு ஒரே ஒரு வரைவோடு போகாது. வாசகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மூன்று, நான்கு மனுவாகப் போடும். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு வரும், அதில் எது நன்றாக விலைபோகிறதோ அதை மட்டும் தெருவுக்குக் கொண்டுவரும்.

செவ்வந்தி
தலைப்பு வந்ததும் எது விலைபோகும் என்று எப்படித் தெரியும்?

வடக்குவாசல்
கணிப்புதான். 800 முதல் 1,000 வாக்காளர்கள். முதல் கேள்வியிலேயே வாக்குச்சீட்டில் வரக்கூடிய வாசகத்தை அப்படியே படித்து யெஸ்ஸா நோவா என்று கேட்பார்கள். பிறகு ஆதரவு வாதங்களைச் சொல்லி மறுபடி அதே கேள்வி. அடுத்து எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய மிக மோசமான வாதங்கள், மூன்றாம் முறையாக அதே கேள்வி. விவரம் தெரிந்த கம்பெனி மூன்றாவது எண்ணைத்தான் பார்க்கும். முதல் எண் 60-ஐ ஒட்டி இல்லாமல், மூன்றாவதும் 50-க்குக் கீழே போய்விட்டால், "இப்போது வேண்டாம், பணத்தை மிச்சம் பிடியுங்கள்" என்று சொல்வதுதான் நேர்மையான ஆலோசனை. சொல்பவர்கள் குறைவு. பிரச்சாரம் நடந்தால்தானே அவர்களுக்கும் வருமானம்.

யெஸ் பக்கம் காலப்போக்கில் இறங்கும், ஏறுவது அபூர்வம். சந்தேகம் வந்த வாக்காளர் நோ போட்டுவிட்டுப் போய்விடுவார், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று. அதனால் நோ தரப்பு தன் வாதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. குட்டையைக் குழப்பினால் போதும்.

தலைப்பின் பலத்துக்கு 2018-ன் ப்ராப் 6. பெட்ரோல் வரி உயர்வை ரத்து செய்வது. வரியைக் குறை என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அட்டர்னி ஜெனரல் எழுதிய தலைப்பு, சாலைப் பழுது மற்றும் போக்குவரத்துக்கான நிதியின் ஒரு பகுதியை நீக்குகிறது என்று தொடங்கியது. சுமார் 57 சதவீதம் நோ. அதற்காகத் தலைப்பே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். வணிகச் சொத்து வரியைக் கூட்டக் கேட்ட 2020-ன் ப்ராப் 15-க்கு, பள்ளிகளுக்கும் உள்ளாட்சிச் சேவைகளுக்கும் நிதியைக் கூட்டுகிறது என்று தொடங்கும் இனிப்பான தலைப்பு கிடைத்தது. சொத்து வரி என்ற சொல்லை வைத்தே எதிர்த்தரப்பு அடித்தது, 52-க்கு 48 என்று தோற்றது.

தாமிரபரணி
கையெழுத்துக் கணக்கை நான் சொல்லுறேன், பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் இதுதான்.

கடைசி கவர்னர் தேர்தல்ல விழுந்த மொத்த ஓட்டுல, சாதாரணச் சட்டத்துக்கு 5 சதவீதம், அரசியல் சாசனத் திருத்தத்துக்கு 8 சதவீதம் கையெழுத்து வேணும். 2022 தேர்தல் கணக்குப்படி 5,46,651, திருத்தத்துக்கு 8,74,641. இது செல்லுபடியாகும் கையெழுத்து, மொத்தம் இல்ல.

கையெழுத்தெல்லாம் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகங்களுக்குப் போனதும் ஒவ்வொன்னா எண்ண மாட்டாங்க. ஒவ்வொரு கவுண்டியும் 500 அல்லது 3 சதவீதம், இதுல எது அதிகமோ அதைக் குலுக்கல்ல எடுத்து வாக்காளர் பதிவேட்டோட ஒப்பிடும். அதை வச்சு மாநிலத்துக்கே மதிப்பீடு போடுவாங்க. தேவையானதுல 110 சதவீதத்தைத் தாண்டினா நேரா தகுதி. 95-க்குக் கீழ போனா அன்னைக்கே முடிஞ்சது. நடுவுல விழுந்தா மொத்தமும் ஒவ்வொன்னா சரிபார்க்கணும், அதுக்கு இன்னும் 30 வேலை நாள் ஆகும். அந்த 30 நாள் கையில இல்லாததாலயே அந்த வருஷத் தேர்தலைத் தவறவிடுறது உண்டு.

அதனால எல்லாரும் 110-ஐத்தான் குறிவைப்பாங்க. சட்டத்துக்கு 6,01,317 செல்லுபடியாகணும். தெருவுல வாங்குற நூத்துல 75 தேறும்னு வச்சா, கைக்கு வர வேண்டியது சுமார் 8 லட்சம். திருத்தம்னா சுமார் 12.8 லட்சம். ஒரு கையெழுத்து 8 டாலர்னு வச்சாலும் சட்டத்துக்கே 64 லட்சம் டாலர் ஆகுது. இது நிலையான விலை இல்ல. 2022 வசந்த காலத்துல நிறைய மனு ஒரே நேரத்துல தெருவுல இருந்ததால 10 டாலரையும் தாண்டிப் போச்சு.

இப்ப இரட்டைக் கையெழுத்து. ஒரே ஆள் ரெண்டு தடவை போட்டிருந்தா ஒன்னுதானே கழியும்னு நினைப்பீங்க. 3 சதவீத மாதிரியில ஒவ்வொரு கையெழுத்தும் சுமார் 33-க்குச் சமம். ஒரே ஆளோட ரெண்டு கையெழுத்தும் அந்தச் சின்ன மாதிரிக்குள்ளயே மாட்டுறது ரொம்ப அரிது. அப்படி ஒரு ஜோடி மாட்டினா வெளிய நிறைய ஜோடி இருக்கணும்னு அர்த்தம். அதனால ஒரு ஜோடிக்கு 33.33 பெருக்கல் 32.33, அதாவது சுமார் 1,078 கையெழுத்தை மொத்தத்துலேர்ந்து கழிச்சிடுவாங்க. பத்து ஜோடி மாட்டினா பத்தாயிரத்துக்கு மேல காலி. அதனால ஒப்படைக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனியில உட்கார்ந்து பதிவேட்டோட ஒப்பிட்டு இரட்டையை அடிச்சு எடுக்கணும். இதுக்குச் செலவு பண்ண யோசிக்கிற பிரச்சாரம் முதலுக்கே மோசம்.

நிஜ உதாரணம், மாநிலத்தை ஆறாப் பிரிக்கணும்னு 2014-ல முதலீட்டாளர் டிம் டிரேப்பர் கொண்டுவந்த 'ஆறு கலிபோர்னியா' மனு. 11,37,844 கையெழுத்து கொடுத்தாங்க. தேவை 8,07,615. பார்க்க தாராளமா இருக்குல்ல? மாதிரியில தேறின மதிப்பீடு 7,52,685-தான். நூத்துக்கு 66. அதோட முடிஞ்சது.

மெட்ராஸ்வாலா
பாதிக்குப் பாதி இல்லேன்னாலும் மூணுல ஒண்ணு செல்லாமப் போகுதா! மக்கள் தப்பாப் போடறாங்களா, இல்ல சேகரிக்கறவங்க டூப் அடிக்கறாங்களா?

தாமிரபரணி
மோசடியும் உண்டு, ஆனா பெரும்பாலும் சோம்பேறித்தனம்தான். வாக்காளரா பதிவு பண்ணாதவர். வீடு மாறிப் பழைய விலாசத்துலயே பதிவு இருப்பவர். விலாசத்துக்குப் பதிலா தபால் பெட்டி எண் எழுதுறவர். பேரையும் விலாசத்தையும் வாக்காளர் தன் கையாலயே எழுதணும். அவசரத்துல சேகரிப்பவர் எழுதிக் கொடுத்தா செல்லாது. அடியில சேகரிப்பவரோட உறுதிமொழி இருக்கும், எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரை வாங்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை விட்டா அந்தத் தாள் முழுக்கப் போச்சு.

இன்னொன்னு கவுண்டி. ஒரு தாள்ல ஒரு கவுண்டி வாக்காளர்தான் போட முடியும். மில்பிடாஸ் மால் வாசல்ல நின்னா வர்றவங்கள்ல பாதி பேர் சாண்டா கிளாரா, மீதி பக்கத்து ஃப்ரீமாண்ட்லேர்ந்து வர்ற அலமீடா கவுண்டிக்காரங்க. ரெண்டு கட்டு வச்சுக்கிட்டு, "எந்த ஊருங்க?"ன்னு முதல்ல கேக்கணும். கேக்காம ஒரே தாள்ல வாங்கினா அடுத்த கவுண்டிக்காரர் போட்டதெல்லாம் வீண்.

கூலி அமைப்பையும் சொல்லிடுறேன். பிரச்சாரம் நேரா ஆள் வைக்காது. மனு கம்பெனிக்குக் கொடுக்கும், அது பகுதி ஒருங்கிணைப்பாளருக்கு, அவர் குழுத் தலைவருக்கு, அவர் தெருவுல நிக்கிறவருக்கு. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கும். தெருவுல நிக்கிறவர் அட்டையில அஞ்சாறு மனு இருக்கும். எந்த மனுவுக்கு அந்த வாரம் விலை அதிகமோ அதுதான் மேல. போட்டி மனு ரெண்டு டாலர் ஏத்தினா உங்க மனு அடியில போயிடும். அன்னைக்கு சாயந்திரமே எண்ணிக்கை சரியும், உடனே நீங்களும் ஏத்தணும். கடைசி ஆறு வாரத்துல பட்ஜெட் எகிறுறது இதனாலதான்.

ஓலைச்சுவடி
கூலிக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யலாமே என்று யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொலராடோ அப்படித் தடை வைத்திருந்தது, 1988-ல் மேயர் எதிர் கிராண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அடித்துவிட்டது. ஓரிகன் 2002-ல் சுற்றுவழி ஒன்று கண்டுபிடித்தது: ஆள் வைக்கலாம், ஆனால் கையெழுத்துக் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. கலிபோர்னியாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நன்கொடைக்கும் உச்சவரம்பு இல்லை. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, ப்ராப்புக்கு இல்லை. 1978 பெலாட்டி தீர்ப்பு கம்பெனிகள் செலவழிக்கலாம் என்றது, 1981 பெர்க்லி வாடகை வழக்குத் தீர்ப்பு நன்கொடைக்கு வரம்பு போடக் கூடாது என்றது. ஒரே காசோலையில் ஐந்து கோடி டாலர் வந்தாலும் சட்டப்படி சரி.

மெட்ராஸ்வாலா
அப்புறம் என்ன, பணம் இருக்கறவன் சட்டத்தை வாங்கிக்க வேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு இவ்வளவு விஸ்தாரம்?

வடக்குவாசல்
வாங்க முடிவது வாக்குச்சீட்டில் ஓர் இடம். அதைத் தாண்டி உத்தரவாதம் கிடையாது சார். 2010 ஜூனில் ப்ராப் 16. உள்ளாட்சிகள் சொந்த மின்சார நிறுவனம் தொடங்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது. பெயர் என்னவோ 'வரி கட்டுவோரின் வாக்குரிமைச் சட்டம்'. பிஜி அண்ட் இ சுமார் 4.6 கோடி டாலர் கொட்டியது. எதிர்த்தரப்பிடம் இருந்தது சுமார் ஒரு லட்சம். தோற்றது.

2022-ல் ப்ராப் 26, 27 இரண்டும் விளையாட்டுச் சூதாட்டம் பற்றியவை. 26 பழங்குடி சூதாட்டக் கூடங்களுக்கானது. 27-க்குப் பின்னால் ஃபேன்டுவல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற ஆன்லைன் கம்பெனிகள். இரண்டுக்கும் சேர்த்து எல்லாத் தரப்பும் திரட்டியது 40 கோடி டாலருக்கு மேல். 27-ஐ வீடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு என்று விற்கப் பார்த்தார்கள். சூதாட்டக் கம்பெனி எதற்கு வீடற்றோரைப் பற்றிப் பேசுகிறது என்று பார்ப்பவருக்கே தோன்றிவிட்டது. நூற்றில் 82 பேர் நோ. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று தாக்கிய விளம்பரம் 26-ஐயும் சேர்த்து மூழ்கடித்தது.

இப்போது நோ பக்கம் பணம் நின்றால் என்ன ஆகிறது பாருங்கள். டயாலிசிஸ் மையங்களைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு 2018-ல் ப்ராப் 8, 2020-ல் ப்ராப் 23, 2022-ல் ப்ராப் 29 என்று மூன்று முறை வந்தது. கொண்டுவந்தது மருத்துவப் பணியாளர் சங்கம். டயாலிசிஸ் கம்பெனிகள் முதல் முறை மட்டுமே 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. மூன்றும் தோல்வி. வாடகைக் கட்டுப்பாடும் 2018, 2020, 2024 மூன்று முறையும் தோற்றது.

யெஸ் பக்கம் பணத்தால் ஜெயித்ததற்குப் பெரிய உதாரணம் 2020-ன் ப்ராப் 22. ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் வகையறா 20 கோடி டாலருக்கு மேல் போட்டு ஓட்டுநர்களைத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வெளியே வைத்தார்கள். எதிர்த்தரப்பிடம் அதில் பத்தில் ஒரு பங்கு. 58 சதவீதத்துக்கு மேல் யெஸ். அங்கே பணத்தோடு இன்னொன்றும் இருந்தது: ஒவ்வொரு வாக்காளர் பாக்கெட்டிலும் அவர்களுடைய ஆப். வண்டி கூப்பிடத் திறந்தால் பிரச்சாரச் செய்தி. அந்த வசதி வேறு யாருக்கும் கிடையாது. சட்டத்தைத் திருத்த சட்டசபையில் எட்டில் ஏழு பங்கு வேண்டும் என்றும் வரைவிலேயே எழுதிவைத்தார்கள். நல்ல வக்கீலின் வேலை அந்த ஒரு வரி.

ஓலைச்சுவடி
தேர்தலில் ஜெயிப்பதற்காகவே எல்லா மனுவும் போடப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014-ல் மாற்றிய விதிப்படி, தேர்தலுக்கு 131 நாள் முன்பு தகுதி உறுதியாகும் வரை மனுவை வாபஸ் வாங்கலாம். 2018-ல் குளிர்பானக் கம்பெனிகள் ஒரு மனுவுக்குக் கையெழுத்து திரட்டி வைத்தன: உள்ளாட்சி எந்த வரி போட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நகராட்சிகளுக்குத் தலைக்கு மேல் கத்தி. ஜூன் 28 அன்று, கெடு முடியும் நாளில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது: 2031 வரை எந்த ஊரும் புதிதாகச் சோடா வரி போடக் கூடாது. மனு வாபஸ். அதே நாளில்தான் நுகர்வோர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது, அதே விஷயத்துக்கு மனு கொண்டுவந்திருந்த அலஸ்டேர் மெக்டகார்ட் அதைத் திரும்பப் பெற்றார். அவர் பொதுநலம் என்றார், சோடாக்காரர்கள் வணிகம், கருவி ஒன்றுதான். இப்படி வேலைக்கு எடுக்கும்போது கம்பெனியின் பட்ஜெட்டில் டிவியே இருக்காது. கையெழுத்து, கணிப்பு, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் பேரம் பேச லாபியிஸ்ட், அவ்வளவுதான்.

ரெஃபரெண்டம் இன்னொரு வகை. சட்டசபை போட்ட சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு இழுப்பது. 90 நாளுக்குள் 5 சதவீதம் கையெழுத்து. தகுதி பெற்றுவிட்டால் ஓட்டு முடியும் வரை அந்தச் சட்டம் அமலுக்கு வராது. கோர்ட்டில் ஸ்டே வாங்குவது மாதிரிதான். பிளாஸ்டிக் பைத் தடை 2015 ஜூலையில் தொடங்கியிருக்க வேண்டும், பை கம்பெனிகளின் ரெஃபரெண்டத்தால் 2016 நவம்பர் வரை நின்றது. மணமூட்டிய புகையிலைத் தடை 2020-ல் கையெழுத்தானது, ஓட்டு 2022 நவம்பரில். இரண்டிலும் கம்பெனிகள் தோற்றன. ஆனால் நடுவில் விற்ற சரக்குக்குக் கணக்குப் போட்டால் கையெழுத்துச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

செவ்வந்தி
ரெஃபரெண்டத்தில் யெஸ் போட்டால் சட்டம் இருக்குமா போகுமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

ஓலைச்சுவடி
முன்பு யெஸ் என்றால் சட்டம் இருக்கட்டும் என்று பொருள். எதிர்ப்பவர்கள் கையெழுத்து திரட்டிவிட்டு நோ போடச் சொன்னார்கள். இந்தக் குழப்பத்துக்காகவே 2023-ல் சட்டம் போட்டு, மாநில ரெஃபரெண்டத்தில் 'சட்டத்தை வைத்திரு', 'சட்டத்தை ரத்து செய்' என்று மாற்றிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
பணக் கணக்கு என் பக்கம். பிரச்சாரத்துக்கு நன்கொடை 2,000 டாலர் சேர்ந்ததும் அதை நிர்வகிக்கும் கமிட்டியைப் பதிவு செய்ய வேண்டும். படிவம் 410, பொருளாளர் ஒருவர் கட்டாயம். ஓட்டுக்கு முந்தைய 90 நாளில் ஒரே ஆளிடம் 1,000 டாலர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 497-ல் அதைத் தெரிவிக்க வேண்டும். மற்ற காலத்தில் மாநில ப்ராப் கமிட்டிக்கு 5,000 வந்தால் 10 வேலை நாள். ஓட்டுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு பணம் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு இல்லாத கமிட்டிதான் அபராதம் கட்டும். நிதி திரட்டுபவர் காசோலையைப் பையில் வைத்துக்கொண்டு திங்கள்கிழமை வந்து கொடுப்பார், கெடு அதற்குள் போயிருக்கும்.

கமிட்டி பெயரை இஷ்டத்துக்கு 'கலிபோர்னியா குடும்பங்கள்' என்று மட்டும் வைத்துவிட முடியாது. 50,000 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பொருளாதார நலன் பெயரில் தெரிய வேண்டும். விளம்பரத்தில் முதல் மூன்று பெரிய நன்கொடையாளர் பெயர் வர வேண்டும். 2020 முதல் மனுத் தாளிலோ தனித் தாளிலோ அதே பட்டியலைக் காட்ட வேண்டும். நர்ஸ் வேடத்தில் வருபவர் கூலிக்கு வந்தவர் என்றால் அதையும் திரையில் போட வேண்டும். எழுத்து பொடியாக இருந்தாலும் இருக்கும், பாருங்கள்.

ஒளித்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012. ஒரு ப்ராப்பை எதிர்க்கவும் இன்னொன்றை ஆதரிக்கவும் 1.1 கோடி டாலர் அரிசோனா அமைப்பு ஒன்றின் வழியாக வந்தது. அது கை மாறி கை மாறி வந்த பணம் என்று தெரிந்து, அரசியல் நடைமுறை ஆணையமான எஃப்.பி.பி.சி. 2013-ல் 10 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட வைத்தது.

வடக்குவாசல்
டிவியில் ஒரு விஷயம் வெளியே தெரியாது. வேட்பாளருக்கு நிலையங்கள் மிகக் குறைந்த விலையில் நேரம் தர வேண்டும், அவர் விளம்பரத்தை வெட்டவும் முடியாது. ப்ராப் கமிட்டிக்கு இரண்டும் இல்லை. சந்தை விலை, அதோடு நிலையம் மறுக்கலாம். அதனால் எதிர்த்தரப்பு வக்கீல், "இந்த வரி பொய், நிறுத்து" என்று நிலையத்துக்கு நோட்டீஸ் அனுப்புவார். விளம்பரத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரக் கோப்பு தயாராக இல்லையென்றால் இரண்டு நாள் விளம்பரம் ஓடாது. மொத்தமே நாலைந்து வாரம்தான் என்னும்போது அது பெரிய அடி.

கலிபோர்னியாவில் எல்லா வாக்காளருக்கும் தபால் வாக்குச்சீட்டு போகிறது, 29 நாள் முன்பே அனுப்பத் தொடங்குவார்கள். அதனால் கடைசி வாரத்துக்கென்று பணத்தைப் பதுக்கும் பழைய பழக்கம் இப்போது உதவாது. செப்டம்பர் இறுதியிலேயே செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மலிவான, ஆனால் கம்பெனிகள் உயிரைக் கொடுத்து எழுதும் இடம் ஒன்று உண்டு: அரசு அனுப்பும் வாக்காளர் கையேடு. வாதம் 500 சொல், மறுப்பு 250 சொல், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் வரை கையெழுத்திடலாம். அந்த மூன்று பேர் யார் என்பதற்கு மாதக்கணக்கில் ஆள் பிடிப்பார்கள். தீயணைப்பு வீரர், ஆசிரியர், நர்ஸ், சிறுதொழில் சங்கத் தலைவர். பணம் கொடுத்தவர் பெயர் அங்கே பெரும்பாலும் வராது. அச்சுக்குப் போகும் முன் 20 நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள், அதற்குள் சாக்ரமெண்டோ கோர்ட்டில் வழக்குப் போட்டு ஒரு சொல்லையாவது வெட்ட முயல்வது வழக்கமான சடங்கு.

கம்பெனிக்கு வருமானம் மாதச் சம்பளம், ஜெயித்தால் போனஸ், விளம்பரம் வாங்கித் தருவதில் கமிஷன். கமிஷன் பழைய கணக்கு 15 சதவீதம், பெரிய பிரச்சாரங்கள் பேசிக் குறைக்கும். எல்லா நோய்க்கும் டிவியே மருந்து என்று ஆலோசகர் சொன்னால் ஒப்பந்தத்தில் கமிஷன் வரியை ஒருமுறை படியுங்கள்.

மெட்ராஸ்வாலா
எங்க ஊர்ல ஸ்கூல் கட்டடத்துக்குக் கடன் வாங்கற பாண்டு ஓட்டுக்கு சிட்டியே கலர் கலரா நோட்டீஸ் அனுப்பிச்சே, அது யார் காசு?

கணக்குப்பிள்ளை
பொதுப்பணம்தான், அதில் ஒரு கோடு இருக்கிறது. 1976-ல் ஸ்டான்சன் எதிர் மாட் தீர்ப்பு: அரசுப் பணத்தில் தகவல் தரலாம், பிரச்சாரம் செய்யக் கூடாது. அதனால் நகராட்சியோ பள்ளி மாவட்டமோ ஓட்டுக்கு ஏழெட்டு மாதம் முன்பே கம்பெனியை அமர்த்தி, கணிப்பு எடுத்து, "உங்கள் பள்ளிக் கூரைகள் 50 வருடப் பழசு" என்று நோட்டீஸ் விடும். ஓட்டுப் போடு என்ற சொல் இருக்காது. வாக்குச்சீட்டில் ஏறியதும், தனியார் நன்கொடையில் தனிக் கமிட்டி தொடங்கும். பல நேரம் ஆலோசகர் மட்டும் அதே ஆள். நடுநிலை மாறினால், தொனியும் நேரமும் பிரச்சாரம் போல இருந்தால், எஃப்.பி.பி.சி. கேள்வி கேட்கும். பள்ளி பாண்டுக்கு 55 சதவீதம் ஓட்டு வேண்டும் என்பதால் ஒவ்வொரு வீடும் அவர்களுக்கு முக்கியம்.

செவ்வந்தி
ஓட்டே இல்லாத விஷயங்களில்? ஒரு ஆணையம் முடிவெடுக்கிறது, மக்கள் ஆதரவு இருப்பதாகக் காட்ட வேண்டும் என்றால்?

ஓலைச்சுவடி
ஒழுங்காகச் செய்தால் அது சிரமமான வேலை. முடிவெடுக்கும் ஐந்தாறு பேர் யார் என்று பட்டியல், ஒவ்வொருவரும் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று அடுத்த பட்டியல், அந்த ஆட்களை நேரில் பார்த்து, அவரவர் சொந்தச் சொற்களில் கடிதம் வாங்குவது. ஒரே வாசகத்தில் வரும் ஐயாயிரம் மின்னஞ்சலை அலுவலகம் ஒன்றாகத்தான் எண்ணும். தொகுதியிலுள்ள ஒரு ஆஸ்பத்திரித் தலைவர் போனில் பேசினால் அது நிற்கும்.

குறுக்கு வழி போனால் நடந்தது இரண்டு சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் என்டர்ஜி மின் கம்பெனி புதிய மின்நிலையம் கேட்டது. அது பற்றிய கூட்டங்களில் ஆதரவுச் சட்டை போட்டு உட்கார்ந்தவர்களில் பலர் கூலிக்கு வந்த நடிகர்கள். உட்கார 60 டாலர், எழுந்து பேச 200. என்டர்ஜி ஹாத்தார்ன் குரூப் என்ற பப்ளிக் அஃபேர்ஸ் கம்பெனியை அமர்த்தியது, அது ஆள் திரட்டும் இன்னொரு கம்பெனிக்கு உள்குத்தகை விட்டது. நகரசபை 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

மற்றது 2017-ல் இணையச் சமநிலை விதியை, அதாவது இணைய இணைப்பு தரும் கம்பெனிகள் எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்ற விதியை, நீக்கும் விவகாரம். மத்திய தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.க்கு வந்த 2.2 கோடி கருத்துகளில் சுமார் 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021-ல் அறிக்கை விட்டார். அதில் 85 லட்சம் பிராட்பேண்ட் தொழில்துறை பணத்தில் வந்தது. பரிசுக்கூப்பன் ஆசை காட்டிப் பெயர் திரட்டுவதாகச் சொன்ன துணை ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் பழைய பட்டியலிலிருந்தே பெயர்களை நிரப்பிவிட்டார்கள். விதி வேண்டும் என்ற எதிர்ப் பக்கத்திலும் ஒரே கல்லூரி மாணவர் 77 லட்சம் பதிந்திருந்தார். இரண்டு கதையிலும் ஓட்டை ஒரே இடத்தில்: எண்ணிக்கைக்குக் காசு, உள்குத்தகை, சரிபார்க்க ஆளில்லை. தாமிரபரணி சொன்ன கையெழுத்துக் கூலிச் சங்கிலியும் இதே வார்ப்புதான்.

தாமிரபரணி
ஒத்துக்கிறேன். ஒரு வித்தியாசம், கையெழுத்தைச் சரிபார்க்க 58 கவுண்டி அலுவலகம் இருக்கு. கருத்துப் பெட்டிக்கு யாரும் இல்ல.

செவ்வந்தி
கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்? தெரியாமல் போட்டுவிட்டால் திரும்பப் பெற வழி உண்டா?

கணக்குப்பிள்ளை
மனுத் தாளில் 'இதை எடுத்துவருபவர் கூலிக்கு வந்தவராகவோ தன்னார்வலராகவோ இருக்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று அச்சிட்டிருக்கும். கேளுங்கள். முதல் மூன்று நன்கொடையாளர் தாளைக் காட்டச் சொல்லுங்கள். சேகரிப்பவர் வாயால் சொல்லும் விளக்கத்தை விட்டுவிட்டு, மேலே அட்டர்னி ஜெனரல் எழுதிய 100 சொல்லைப் படியுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து மாநிலச் செயலரின் கால்-ஆக்சஸ் தளத்தில் கமிட்டி பெயரைத் தேடினால் வரவு செலவு முழுக்க இருக்கும். 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய கமிட்டிகளுக்கு முதல் பத்து நன்கொடையாளர் பட்டியலை எஃப்.பி.பி.சி. தனியாகவே போடுகிறது.

திரும்பப் பெறலாம். உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், மனுவை ஒப்படைக்கும் நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். பெயர், பதிவான விலாசம், எந்த மனு என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள் என்பதால் அதே மாதிரி போடுங்கள்.